நாணயத்தின் நாணயம்

தமிழில் 'நாணயம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசுக்கும் அதுவே பெயர். சொன்ன சொல் தவறாத நேர்மைக்கும் அதுவே பெயர். "அவர் நாணயமான மனிதர்" என்று நாம் ஒருவரைப் புகழும்போது, அவருடைய பெட்டியில் எத்தனை காசு இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. இந்த இரண்டு பொருளையும் ஒருங்கே நினைக்கச் செய்யும் ஒரு பொழுதுபோக்கைப் பற்றி இந்த வாரம் எழுதக் கருதுகிறோம். தபால் தலை சேகரிப்பைப் பற்றி முன்னர் நாம் எழுதியதைப் படித்த நேயர் சிலர், காசு சேர்ப்பதைப் பற்றியும் எழுத வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். காசு என்றால் தங்கமும் வெள்ளியும் அல்ல. வெறும் செம்புக் காசு. அதிலும் அமெரிக்கா தேசத்தில் 'சென்ட்' என்று வழங்கும் சின்னஞ்சிறு செப்புக் காசு. டாலரில் நூறில் ஒரு பங்கு; இலங்கைத் தமிழர் வழக்கில் சொன்னால் ஒரு சதம்.

இவ்வளவு அற்பமான காசைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். இந்தக் காசுகளில் கடைத்தெருவையே காணாதவை சில உண்டு. அச்சிலிருந்து விழுந்த நாளில் எப்படி இருந்தனவோ ஏறக்குறைய அப்படியே நூறு, இருநூறு ஆண்டுகள் தப்பிப் பிழைத்தவை அவை. அவற்றைத் தேடுவதற்கும், மெய்யையும் பொய்யையும் பிரித்தறிவதற்கும் படித்த மனிதர்கள் தங்கள் வாழ்நாளையே செலவிட்டிருக்கிறார்கள். சிலர் அதன் பொருட்டுத் தங்கள் நற்பெயரையும் இழந்திருக்கிறார்கள்.

முதலில் அந்தக் காசின் சரித்திரத்தைச் சிறிது பார்ப்போம். இங்கிலாந்தின் ஆட்சியை உதறித் தள்ளிய அமெரிக்கர், 1792-ஆம் ஆண்டில் தங்களுக்கென ஒரு நாணயச்சாலையைப் பிலடெல்பியா நகரில் ஏற்படுத்தச் சட்டம் செய்தார்கள். அப்பொழுது ஒரு விவாதம் எழுந்தது. காசின் முகப்பில் ஜனாதிபதியின் தலையைப் பொறிக்கலாம் என்று செனட் சபை யோசனை செய்தது. அப்போது ஜனாதிபதியாக இருந்தவரோ தேசத்தின் தந்தை என்று போற்றப்பட்ட வாஷிங்டன். அப்படியிருந்தும் பிரதிநிதிகள் சபை அதை ஏற்கவில்லை. உயிரோடு ஆளுகிறவனுடைய தலையைக் காசில் பொறிப்பது அரசர்களின் வழக்கம். அரசனை வேண்டாம் என்று சொன்ன குடியரசுக்கு அது ஏற்றதன்று என்பது அவர்களுடைய கட்சி. முடிவில், சுதந்திரத்தைக் குறிக்கும் ஒரு பெண்ணுருவமே காசில் இடம் பெற்றது. நம் தேசத்தில் 1950-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி, ஆங்கிலேய மன்னரின் தலை நீங்கி அசோகரின் சிங்கங்கள் பொறித்த காசுகள் வெளிவந்ததை நினைத்தால், இந்த விவாதத்தின் அருமை நமக்கு நன்றாக விளங்கும்.

1793 மார்ச்சு மாதத்தில் முதல் சென்ட் காசுகள் வெளிவந்தன. ஒரு பக்கத்தில் கூந்தல் விரித்த சுதந்திர தேவி. மறுபக்கத்தில் பதினைந்து கண்ணிகள் கோத்த ஒரு சங்கிலி. அன்று ஐக்கியத்தில் சேர்ந்திருந்த ராஜ்யங்கள் பதினைந்து. அவற்றின் ஒற்றுமையைக் காட்டவே சங்கிலி. ஆனால் பத்திரிகைகள் விட்டபாடில்லை. சுதந்திரத்தின் காசில் சங்கிலியா, இது நல்ல சகுனம் ஆகாதே என்று பரிகசித்தார்கள். அந்த அம்மையின் முகம் எதையோ கண்டு பயந்தாற்போல் இருக்கிறது என்றும் குறை கூறினார்கள். 36,103 காசுகள் அடித்ததோடு சங்கிலி போயிற்று. அதன் இடத்தில் இலை வளையம் வந்தது. இன்று அந்தச் சங்கிலிச் சென்ட்டில் தேய்ந்து மழுங்கிய ஒன்று கிடைத்தாலும் சேகரிப்போர் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். தேயாத ஒன்றுக்கு விலை சொல்லி முடியாது.

பெரிய சென்ட் என்று வழங்கும் அந்தக் காசு முதலில் 13.48 கிராம் நிறை இருந்தது. செம்பு விலை ஏறவே 1795-இன் இறுதியில் அதை 10.89 கிராமாகக் குறைத்தார்கள். 1857 வரையில் அந்தக் காசு நடந்தது. நடுவில் 1815 என்ற ஆண்டு பொறித்த சென்ட் மட்டும் கிடையாது. அந்தக் காசுகளுக்கு வேண்டிய செப்பு வில்லைகள் இங்கிலாந்திலிருந்து, பர்மிங்காமில் மாத்யூ போல்டன் ஏற்படுத்திய ஸ்தாபனத்திலிருந்து வந்துகொண்டிருந்தன. 1812-இல் இங்கிலாந்தோடு யுத்தம் மூண்டதும் வரத்து நின்றது, கையிருப்பும் தீர்ந்தது.

இந்த போல்டனுக்கும் நம்முடைய சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னை ராஜதானிக்காக 10 காசு, 20 காசு மதிப்புள்ள செப்பு நாணயங்களை அவருடைய சோஹோ நாணயச்சாலையிலேயே அடிக்கச் செய்தார்கள். ஒரு புறம் கம்பெனியின் சின்னம். மறுபுறம் பாரசீக எழுத்து. 1808-ஆம் ஆண்டு பொறித்த அத்தகைய காசுகள் சுமார் 48 டன்னை ஏற்றிக்கொண்டு, 'அட்மிரல் கார்டனர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் சென்னையை நோக்கிப் புறப்பட்டது. இங்கிலாந்தின் கரையை விட்டு நெடுந்தூரம் போவதற்கு முன்பே, குட்வின் மணல்திட்டில் புயலில் அகப்பட்டு மூழ்கிற்று. 1980-களில் முக்குளிப்போர் அந்தக் காசுகளை மேலே கொண்டுவந்தனர். பீப்பாய்களின் நடுவில் உப்புநீர் படாமல் கிடந்த காசுகள் சில, 175 ஆண்டுகளுக்குப் பின்னும் அச்சிட்ட அன்றிருந்த ஒளியோடு விளங்கின. சென்னையின் சந்தைகளில் கீரைக்கும் உப்புக்கும் கைமாறியிருக்க வேண்டிய காசுகள், சென்னையைக் காணாத காரணத்தினாலேயே புதுமை குன்றாமல் இருந்தன. புழங்காத காசு என்பது இன்னதென்று விளக்க இதைவிட நல்ல உதாரணம் நமக்குக் கிடைக்கவில்லை.

* * *

புழங்காத செப்புக் காசு அரிதாவதற்குக் காரணம் செம்பின் குணமே. தங்கம் எதற்கும் மாறாது. வெள்ளி கறுத்தாலும் மெதுவாகவே கறுக்கும். செம்போ, அச்சை விட்டு வெளிவந்த நாழிகை முதலே காற்றோடும் ஈரத்தோடும் கலந்து நிறம் மாறத் தொடங்குகிறது. புதுச் செம்பின் செவ்வொளி மங்கிப் பழுப்பாகிறது. ஈரமும் உப்பும் மிகுந்தால் பச்சைக் களிம்பு பூக்கிறது. செம்பில் களிம்பு உடன் பிறந்தது என்பதை நம்முடைய சைவ சித்தாந்திகள் நன்கு அறிவார்கள். உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்கு அவர்கள் எடுத்தாளும் உவமையே அதுதான்.

ஆகவே, பழைய செப்புக் காசு ஒன்று செவ்வொளி மாறாமல் இருந்தால், அதைப் பாதுகாத்தவர் ஒருவர் இருந்தார் என்றோ, அல்லது தற்செயலாக அது எங்கேயோ அடைபட்டுக் கிடந்தது என்றோதான் கொள்ள வேண்டும். அமெரிக்காவில் இரண்டுக்கும் சான்றுண்டு. 1796, 1797 ஆம் ஆண்டுச் சென்ட்கள் ஒரு மூட்டை, மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யத்துச் சேலம் நகரத்தைச் சேர்ந்த பெஞ்சமின் குட்ஹியூ என்ற செனட் அங்கத்தினரிடம் வந்து, அவருடைய குடும்பத்தில் தலைமுறைகளாக இருந்து, பின்பு வெளிப்பட்டதாகச் சொல்லுவர். 1816 முதல் 1820 வரையிலான சென்ட்கள் நிறைந்த சிறு பீப்பாய்கள், உள்நாட்டு யுத்தத்தை ஒட்டிய காலத்தில், ஜார்ஜியா ராஜ்யத்தில் ஒரு ரெயில்வே மேடைக்கடியில் அகப்பட்டன என்பதும் பிரசித்தமான வரலாறு. இன்றைக்கு 1818, 1820 ஆம் ஆண்டுச் சென்ட்கள் செவ்வொளியோடு எளிதில் கிடைப்பதும், அவற்றுக்கு அடுத்தடுத்த ஆண்டுகளின் காசுகள் அப்படிக் கிடைக்காததும் அந்தப் பீப்பாய்களின் உபயமே.

இதிலிருந்து நாம் அறிய வேண்டிய விதி ஒன்றுண்டு: ஒரு காசு எத்தனை அடிக்கப்பட்டது என்பது வேறு; எத்தனை காப்பாற்றப்பட்டது என்பது வேறு. 1909-இல் லிங்கன் பிறந்த நூறாம் ஆண்டை முன்னிட்டு அவருடைய முகம் பொறித்த சென்ட் வெளிவந்தது. வழக்கமாகப் புழங்கும் அமெரிக்கக் காசில் மெய்யான ஒரு மனிதரின் முகம் இடம் பெற்றது அப்போதுதான். 1792-இல் மறுத்ததை, இறந்து 44 ஆண்டுகள் ஆன ஒரு தியாகிக்குக் கொடுத்தார்கள். அதைச் செதுக்கிய விக்டர் டேவிட் பிரென்னர் தம்முடைய பெயரின் முதலெழுத்துக்களான வி. டி. பி. என்பதைப் பின்புறத்தில் பொறித்தார். எழுத்துக்கள் மிகப் பெரியவை என்று ஆட்சேபம் எழுந்து, சில நாட்களில் அவற்றை எடுத்துவிட்டார்கள். அதற்குள் ஸான் பிரான்ஸிஸ்கோ சாலையில் அடித்தவை 484,000 மாத்திரம். பிலடெல்பியாவில் அடித்தவை ஏறக்குறைய 2 கோடியே 80 லட்சம். புதுமையைக் கண்டு ஜனங்கள் அவற்றை எடுத்து வைத்துக்கொண்டபடியால், பிலடெல்பியாக் காசு இன்றும் புத்தம் புதிதாக எளிதில் கிடைக்கிறது.

அதற்கு மாறாக, 1914-இல் டென்வர் சாலையில் அடித்தவை 12 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு; 1931-இல் ஸான் பிரான்ஸிஸ்கோவில் அடித்தவை 866,000 மட்டுமே. தொகையை மட்டும் பார்த்தால் பின்னதே அரியது. ஆனால் 1931-இல் காசு குறைவாக அடிக்கப்பட்டது என்பதை அறிந்து சேகரிப்போரும் வியாபாரிகளும் அதைச் சேர்த்து வைத்தார்கள்; 1914-இல் அப்படிச் செய்தவர் சிலரே. ஆதலால் புழங்காத 1914-ஆம் ஆண்டு டென்வர்க் காசுதான் இன்று அரியதாகிவிட்டது. பெற்றவர்கள் எத்தனை பேர் என்பதைவிடப் பேணியவர்கள் எத்தனை பேர் என்பதே பொருள் நிலைப்பதற்குக் காரணமாகிறது. ஓலைச் சுவடிகளின் கதையும் இதுதான் அன்றோ?

* * *

இனிப் 'புரூப்' என்னும் காசைப் பற்றிச் சொல்ல வேண்டும். பலர் அதை மிக நல்ல நிலையிலுள்ள காசு என்று எண்ணுகிறார்கள். அது பிழை. புரூப் என்பது தரத்தின் பெயரன்று; செய்முறையின் பெயர். கடைக்குப் போவதற்கென்று அல்லாமல், பார்வைக்கும் சேகரிப்போருக்குமென்று தனியே அடிப்பது அது. அச்சைக் கண்ணாடிபோல் மெருகிட்டு, வில்லையையும் மெருகிட்டு, அதிக அழுத்தத்தோடு, பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அடிப்பார்கள். அதனால் வெற்றிடமெல்லாம் முகம் பார்க்கலாம் போல் இருக்கும். எழுத்துக்களின் ஓரம் கத்தியால் நறுக்கியதுபோல் இருக்கும். விளிம்பு சதுரமாக நிமிர்ந்து நிற்கும். அப்படிப்பட்ட காசை ஒரு சிறுவன் எடுத்துக்கொண்டுபோய் மிட்டாய் வாங்கிவிட்டானென்று வைத்துக்கொள்வோம். பத்து வருஷம் கைமாறித் தேய்ந்தாலும் அது தேய்ந்த புரூப்தான், புரூப் அல்லாததாகிவிடாது.

எல்லாப் புரூப் காசும் கண்ணாடிபோல் இருக்கும் என்பதும் இல்லை. லிங்கன் சென்ட்டில் 1909 முதல் 1916 வரையில் வெளியிட்ட புரூப் காசுகள் மங்கலான, மணல் தூவினாற்போன்ற பரப்பு உடையவை. ஜனங்களுக்கு அவை பிடிக்கவில்லை, நிறுத்திவிட்டார்கள். 1936-இல்தான் கண்ணாடி மெருகோடு மீண்டும் தொடங்கினார்கள். யுத்தத்தினால் 1942-க்குப் பின் நின்று, 1950-இல் திரும்ப வந்தது. அந்தப் பழைய மங்கல் புரூப்பைச் சாதாரணக் காசிலிருந்து பிரித்தறிவது மிகக் கடினம். விளிம்பின் உட்பக்கம் கூராக இறங்குகிறதா, எழுத்தின் உள்வளைவுகள் நிரம்பியிருக்கின்றனவா, பக்கச் சுவர் பளபளக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கத்து ஏமாற்றமும் உண்டு. புது அச்சிலிருந்து முதலில் விழும் சாதாரணக் காசுகள் கண்ணாடிபோல் மின்னும். பளபளப்பை மட்டும் கண்டு புரூப் என்று விலை கொடுத்தவர் பலர். வெற்றிடத்தின் மினுக்கைவிட விளிம்பும் எழுத்தோரமும்தான் நம்பத்தக்க சாட்சிகள்.

சாதாரணக் காசு புழங்காததா என்று காண்பதற்கு வேறு சோதனை. ஒரே ஒரு விளக்கின் கீழ், பழைய குண்டு பல்பாக இருந்தால் உத்தமம், காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்துச் சுழற்ற வேண்டும். மெய்யான புதுக் காசில் ஒளிக்கற்றைகள் மையத்திலிருந்து புறப்பட்டுத் தேர்ச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போலச் சுற்றி வரும். அமெரிக்கரும் இதை 'வண்டிச் சக்கரம்' என்றே சொல்லுகிறார்கள். அச்சின் அழுத்தத்தில் செம்பு விளிம்பை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் நுண்ணிய வரிகள் காசின் மேற்பரப்பில் தங்கிவிடுகின்றன. அந்த வரிகளில் பட்டுத் தெறிக்கும் ஒளியே இந்தச் சுழற்சி. காசு சிறிது புழங்கினாலும் மேடான இடங்களில் வரிகள் தேய்ந்து ஒளி அறுந்துபோகும். லிங்கன் சென்ட்டில் கன்னத்தெலும்பையும் தாடையையும் பார்க்க வேண்டும். பழைய பெரிய சென்ட்டில் அம்மையின் நெற்றிக்கு மேலும் காதை ஒட்டியும் உள்ள கூந்தலைப் பார்க்க வேண்டும். அங்கே உருவம் மழுங்கியிருந்தும் ஒளி அறாமல் இருந்தால், அது தேய்வன்று. அச்சு சரியாக விழாத குறை. ஒளியும் அறுந்திருந்தால் அது தேய்வுதான். இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரிந்துகொண்டவன் இக்கலையில் பாதியைக் கற்றவனாகிறான்.

நிறத்தை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: சிவப்பு, செம்பழுப்பு, பழுப்பு. பழைய செவ்வொளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்காவது மிஞ்சியிருந்தால் சிவப்பு, ஐந்து பங்குக்குக் குறைந்தால் பழுப்பு, இடைப்பட்டவை செம்பழுப்பு. விலையில் ஒவ்வொரு படிக்கும் பெரிய வேற்றுமை. பொய் நுழைவதும் இந்த இடத்தில்தான்.

* * *

நம் வீடுகளில் செப்புக் குடமும் பித்தளைத் தவலையும் கறுத்தால் புளி போட்டு விளக்குகிறோம். புளியில் உள்ள அமிலம் கறையைக் கரைத்துவிடும். பாத்திரம் தகதகவென்று வந்துவிடும். பாத்திரத்துக்கு அது சரி. மறுபடி கறுத்தால் மறுபடி விளக்கலாம். ஆனால் காசுக்கு அது மரணம். அமிலம் கறையோடு அந்த நுண்ணிய வரிகளையும் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. பிறகு நிறம் இளஞ்சிவப்பாக வரும். ஆனால் சக்கரம் சுழலாது. நாரைக்கொண்டு தேய்த்தாலோ மயிரிழை போன்ற கீறல்கள் ஆயிரம் விழும். போன ஒளியைத் திரும்பக் கொண்டுவர உலகில் ஒரு மருந்தும் இல்லை. இயல்பான பழுப்பு நிறக் காசு, மெருகிட்ட சிவப்பு நிறக் காசைவிட எத்தனையோ மடங்கு உயர்ந்தது என்பது இத்துறையில் எல்லாரும் ஒப்புக்கொண்ட உண்மை. பாட்டனார் பெட்டியில் பழங்காசு ஏதேனும் அகப்பட்டால் அதைப் பூஜைச் சாமான்களோடு சேர்த்து விளக்கிவிட வேண்டாமென்று நம் சகோதரிகளை மிகவும் கேட்டுக்கொள்கிறோம்.

அறியாமையால் தேய்ப்பவர் மீது குற்றமில்லை. அறிந்தே ஏமாற்றுகிறவர்களும் உண்டு. 1943-இல் யுத்தத்துக்குச் செம்பு வேண்டியிருந்ததால், அந்த ஆண்டின் சென்ட்களைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். முந்திய ஆண்டின் வெண்கல வில்லைகள் சில எந்திரத்தில் தங்கிப்போய், 1943 என்ற ஆண்டோடு அடிபட்டுவிட்டன. விரல்விட்டு எண்ணக்கூடிய அந்தக் காசுகளுக்குப் பெருவிலை உண்டு. ஆகவே எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி விற்கத் தொடங்கினார்கள் சிலர்; காந்தத்தைக் காட்டினால் அந்தப் பொய் உடனே ஒட்டிக்கொண்டு வெளிப்பட்டுவிடும். மற்றும் சிலர் இன்னும் சாமர்த்தியமாக, 1948-ஆம் ஆண்டு வெண்கலக் காசில் எட்டைச் சுரண்டி மூன்றாக்கினார்கள். அது காந்தத்தில் ஒட்டாது, நிறையும் 3.11 கிராம் சரியாக இருக்கும். ஆனால் மெய்யான 1943-இல் மூன்றின் வால் மற்ற எண்களுக்குக் கீழே நீண்டு இறங்கும்; சுரண்டிய மூன்றுக்கு அந்த வால் இராது. பொய் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் ஓரிடத்தில் வாலை மறந்துவிடுகிறது.

இவற்றையெல்லாம்விட நம்மைச் சிந்திக்கச் செய்வது வில்லியம் ஷெல்டன் என்ற அறிஞரின் சரித்திரம். அவர் மனோதத்துவ நிபுணர். மனிதரின் உடலமைப்பை வகைப்படுத்தி எண் கொடுத்துப் பெயர் பெற்றவர். 1949-இல் அவர் பழைய பெரிய சென்ட்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். காசின் நிலைக்கு 1 முதல் 70 வரை எண் கொடுக்கும் முறையை வகுத்தவர் அவரே. அடையாளம் மட்டும் தெரியும் காசு 1. குறையே இல்லாதது 70. புழங்காத காசுகளுக்கு 60 முதல் 70 வரை. இன்றளவும் உலகெங்கும் காசுகளை மதிப்பிடுவோர் கைக்கொள்ளுவது அந்த அளவுகோலையே. 1986 முதல் தோன்றிய மதிப்பீட்டு ஸ்தாபனங்கள் காசைப் பிளாஸ்டிக் பேழையில் அடைத்து முத்திரையிட்டு, மேலே எழுதும் எண்ணும் அவர் தந்ததே.

அப்படி உலகத்துக்கு அளவுகோல் தந்த அவர் செய்தது என்ன? பிட்ஸ்பர்க் நகரத்தில் அலுமினியத் தொழிலை நிறுவியவர்களுள் ஒருவரான ஜார்ஜ் கிளாப் என்பவர், தாம் ஆயுள் முழுவதும் சேர்த்த பெரிய சென்ட்களை 1946-இல் அமெரிக்க நாணயவியல் சங்கத்துக்குத் தானமாகக் கொடுத்தார். ஆராய்ச்சியாளர் என்ற முறையில் அந்தப் பேழைகளைத் திறந்து பார்க்கும் சலுகை ஷெல்டனுக்கு இருந்தது. அவர் அங்கிருந்த நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, அதே வகையில் தாழ்ந்த காசுகளை அந்த இடத்தில் வைத்துவிட்டார். எண்ணிக்கை குறையவில்லை, ஆகவே நெடுங்காலம் ஒருவரும் கவனிக்கவில்லை. 1977-இல் அவர் இறந்த பிறகே உண்மை புலப்பட்டது. எடுத்த படம் ஒன்று, இருக்கும் காசு ஒன்று என்று பழைய புகைப்படங்கள் சாட்சி சொல்லின. அறியாமல் அவற்றை விலைக்கு வாங்கியிருந்தவரிடமிருந்து திரும்பப் பெறச் சங்கம் வழக்காட வேண்டியதாயிற்று; 1990-களில் காலிபோர்னியா நீதிமன்றம் காசுகளைச் சங்கத்துக்கே உரிமையாக்கிற்று.

இதைப் படித்தபோது நாம் மிகவும் வருந்தினோம். அவருக்குத் தெரியாத காசில்லை. ஆனால் 65-க்கும் 60-க்கும் உள்ள வேற்றுமையை நன்கறிந்த கண்ணே, அந்த வேற்றுமையைக் களவாடவும் துணை செய்தது. கல்வி மிகுந்தால் நேர்மையும் தானே மிகும் என்று நினைப்பவர்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நம்மைப் போன்றவர்கள் முதற்கொண்டு, இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அறிவைக் கற்றுக்கொடுக்கலாம், அதைக் காவல் காக்கும் நாணயத்தைத் தனியே பழக்க வேண்டியிருக்கிறது.

* * *

இந்தப் பொழுதுபோக்கைத் தொடங்க விரும்பும் இளைஞர்களுக்குச் சில யோசனைகள். கருவிகள் நான்கு போதும்: ஒரு விளக்கு, ஐந்து முதல் பத்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி, கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சிறு தராசு, ஒரு காந்தம். காசை விளிம்பில் மட்டுமே பிடிக்க வேண்டும். விரல் ரேகை செம்பில் பதிந்தால் நாளடைவில் அது அழியாத எழுத்தாகிவிடும். கீழே மெத்தென்ற துணி விரித்துக்கொள்ள வேண்டும். காசின் மேல் குனிந்து பேசலாகாது. தெறிக்கும் எச்சில் துளி கரும்புள்ளியாக நிலைத்துவிடும். ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். நம் கடற்கரை ஊர்களில் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொடிப் பை ஒன்றைப் போடுவது அவசியம். மலிவான பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகள் நாளாக நாளாகக் கசிந்து காசில் பச்சைப் பிசுக்கை உண்டாக்கும். மைலார் உறையே நல்லது.

எடுத்தவுடன் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. 1957 ஏப்ரல் முதல் தேதி நம் தேசத்தில் வந்த ஒரு நயா பைசா, ரூபாயில் நூறில் ஒரு பங்கு. முதல் சில ஆண்டுகள் அதை வெண்கலத்திலேயே அடித்தார்கள். சென்ட்டுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி என்றே சொல்லலாம். 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு அது செல்லாக் காசாகிவிட்டது. அப்படியானாலும், செவ்வொளி மாறாத நயா பைசா ஒன்றைக் கையில் வைத்துச் சக்கரம் சுழல்வதைப் பார்த்துப் பழகிய கண், பிறகு எந்தக் காசையும் பார்க்கும்.

சென்ட்டின் காலமும் முடிந்துவிட்டது. 1982-இல் செம்பு விலை ஏறியதால் அதன் உடலைத் துத்தநாகமாக்கி, மேலே மெல்லிய செம்புப் போர்வை மட்டும் போர்த்தினார்கள், நிறை 3.11 கிராமிலிருந்து 2.5 கிராமாகக் குறைந்தது. அந்த ஒரே ஆண்டில் இரண்டு வகையும் வெளிவந்ததால் தராசில் வைத்துத்தான் பிரிக்க முடியும். 2024-ஆம் நிதியாண்டில் ஒரு சென்ட்டை அடிக்க ஏறக்குறைய 3.7 சென்ட் செலவாயிற்று. காசின் மதிப்பைவிடக் கூலி அதிகமான பிறகு எந்தச் சர்க்காரும் எத்தனை காலம் தாங்கும்? 2025 நவம்பர் 12-ஆம் தேதி, புழக்கத்துக்கான கடைசிச் சென்ட்களைத் தொடங்கிய அதே பிலடெல்பியா நகரத்திலேயே அடித்து நிறுத்தினார்கள். கையிலுள்ளவை சட்டப்படி இன்னும் செல்லும்.

232 ஆண்டுகள் கோடி கோடியாக அடிக்கப்பட்ட காசுகளில் மிகப் பெரும்பாலானவை தங்களுக்கு விதித்த வேலையைச் செய்து தேய்ந்துபோயின. அவற்றை நாம் குறைவாக எண்ணுவதற்கில்லை. காசு பிறந்தது தேய்வதற்கே. ஆனால் ஒரு குடியரசு தன் சுதந்திரத்தின் முகத்தை முதன்முதலாகச் செம்பில் எப்படித் தீட்டிப் பார்த்தது என்பதை அறிய, தேயாத ஒன்றிரண்டாவது மிஞ்ச வேண்டும். மிஞ்சியவற்றைப் புளியிடாமல், சுரண்டாமல், மாற்றி வைக்காமல், வந்தபடியே அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துப் போவதுதான் சேகரிப்பவனுடைய தர்மம். அடுத்த வாரம், நேயர்கள் விரும்பியபடி, பழைய பஞ்சாங்கங்களைச் சேர்ப்பவர்களைப் பற்றி எழுதுவோம்.